உள்ளே இருக்கும் மெசின் நின்றுபோனால்

காது மெசின் வைத்த பிள்ளை இருக்கிற வீட்டில் விடியற்காலையில் ஒரு சின்ன விளையாட்டு நடக்கும், நடக்கவும் வேண்டும். அம்மா பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாகச் சொல்வார்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். ஒலி கேட்கும் ஒவ்வொரு தடவையும் பிள்ளை ஒரு புளியங்கொட்டையை டப்பாவுக்குள் போடும். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சொல்லக்கூடாது, பொத்தினால் 'ஸ்' உள்ளங்கையிலேயே அமுங்கிவிடும். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுக் கற்பிப்பதில் பேர்போன டேனியல் லிங் வகுத்த சோதனை இது. மனிதப் பேச்சின் தாழ்ந்த தொனி 'ம்' என்பதில் இருக்கிறது, உச்சத் தொனி 'ஸ்' என்பதில் இருக்கிறது, மற்ற நான்கும் இடையில் பரவிக் கிடக்கின்றன. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தேயிலைத் தோட்டத்துக் காலைப் பெயர்ப்பதிவான பிரட்டுக்கு நேரமாகிறதே என்று ஓடுகிற அம்மாவுக்கு அந்த இரண்டு நிமிடமும் பெரிது.

ஒரு நாள் காலை டப்பாவில் ஐந்து கொட்டைதான் கிடக்கிறது. அடுத்த வாரம் நான்கு.

கொக்கிளியர் உள்வைப்பு என்று டொக்டர்கள் சொல்லும் இந்தக் கருவியில் இரண்டு பாகம். வெளியே காதின் மேல் மாட்டுகிற புரொசசர் இருக்கிறது. அதிலிருந்து ஒரு வயர் போய், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சுருளில் முடிகிறது. உள்ளே, தோலுக்கு அடியில் மண்டையோட்டில் பதித்த ஒரு பெறுகருவியும், அதிலிருந்து நத்தைக்கூடு போலச் சுருண்ட உட்செவிக்குள் நுழையும் மெல்லிய மின்வாய்க் கம்பியும் இருக்கின்றன. கம்பியில் கம்பனிக்கு ஏற்றபடி 12, 16, 22 என்று மின்வாய்கள். உட்செவியின் வாசலில் இருப்பவை உச்சத் தொனிக்கு, உள்ளே ஆழத்தில் இருப்பவை தாழ்ந்த தொனிக்கு. வாசல் பக்கத்து மின்வாய்கள் கெட்டால் 'ஸ்'தான் முதலில் தொலையும். பிள்ளை கூப்பிட்டால் திரும்பும், தப்பு மேளச் சத்தத்துக்கு ஓடி வரும், 'பாட்டி' என்றால் பாட்டியைப் பார்க்கும். 'சீனி' என்றால் மட்டும் முழிக்கும். அதைக் கண்டுபிடிக்கிற முதல் ஆள் பெரும்பாலும் அம்மாதான், கிளினிக்கில் இருக்கிற கணினி அல்ல.

கெட்டது உள்ளே இருப்பதா, வெளியே இருப்பதா? சந்தேகம் முதலில் வெளியே போக வேண்டும். பெரும்பாலான தொல்லைகள் அங்கேதான் கிடக்கும்: வயர் முறிந்திருக்கும், மைக்கில் தூசி அடைத்திருக்கும், பெட்டரி செத்திருக்கும். பல புரொசசர்களில் போடும் சின்னப் பெட்டரிகள் காற்றை உறிஞ்சி வேலை செய்பவை. மேலே ஒட்டிய தாளை உரித்ததும் ஓட்டை வழியாகக் காற்று போய் மின்சாரம் பிறக்கும். இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில், மழைக்காலத்தில், ஒக்டோபர் தொடங்கித் தை வரைக்கும் மூட்டம் லயத்துக் கதவுவரை வந்து நிற்கும்போது, அந்தக் காற்றிலேயே ஈரம். அடுப்புப் புகை வேறு. இரவில் புரொசசரைக் கழற்றி ஈரம் உறிஞ்சும் குளிகை போட்ட பெட்டிக்குள் வைக்கச் சொல்வார்கள். பெட்டி இருக்கும், குளிகைதான் மாதக்கணக்கில் மாற்றப்படாமல் இருக்கும். வேறொரு நல்ல வயரும் சுருளும் கைவசம் இருந்தால் மாற்றிப் பார்த்து அரை மணியில் விடை காணலாம். பசறைக்கோ லுணுகலைக்கோ மேலே உள்ள ஒரு தோட்டத்தில் மாற்று வயர் வைத்திருப்பவர் யார்? ஆகவே அரை மணி வேலை அடுத்த கிளினிக் தேதிவரை தள்ளிப்போகிறது.

வெளியே எல்லாம் சரி, ஆனாலும் கேட்கவில்லை என்றால்தான் உள்ளே இருப்பதைப் பற்றிய பேச்சு எழுகிறது.

அந்தப் பேச்சு புதிதல்ல. கேள் நரம்புக்கு மின்சாரம் கொடுத்துக் கேட்கவைக்கும் முயற்சியின் முதல் அத்தியாயமே ஒரு மாற்றுச் சத்திரசிகிச்சையில்தான் முடிந்தது. 1957 பெப்ரவரியில் பாரிசில் ஆந்த்ரே ஜுர்னோ என்ற விஞ்ஞானி செய்த கருவியை ஷார்ல் எய்ரியேஸ் என்ற வைத்தியர் முழுச் செவிடான ஒருவரின் தலைக்குள் வைத்தார். அவருக்குச் சத்தம் கேட்டது, பழகப்பழகச் சில சொற்கள்கூடப் பிடிபட்டன. சில வாரங்களில் கருவி நின்றது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பற்றாசு விட்டிருந்தது. இரண்டாவது கருவி வைத்தார்கள், அதுவும் நின்றது. மூன்றாவது தடவை கத்தியை எடுக்க எய்ரியேஸ் மறுத்துவிட்டார், இருவரும் பிரிந்தார்கள். 1961இல் லொஸ் ஏஞ்சலிசில் வில்லியம் ஹவுஸ் வைத்த முதல் கருவிகளும் உடம்பு ஏற்காததால் வெளியே எடுக்கப்பட்டன. 1978 ஓகஸ்ட் 1 அன்று மெல்பேர்னில் கிரேம் கிளார்க் குழுவினர் ரொட் சாண்டர்ஸ் என்பவருக்கு வைத்த பல மின்வாய்க் கருவிதான் இன்றைய கருவிகளுக்கு மூத்த அண்ணன். அதற்கும் சில ஆண்டுகளில் ஓய்வு கொடுத்து அதே காதில் அடுத்த மாதிரியை வைத்தார்கள். சாண்டர்ஸ் தொடர்ந்து கேட்டார். ஒருமுறை கம்பி நுழைந்த உட்செவிக்குள் இன்னொரு கம்பி நுழையலாம், நரம்பு அதையும் ஏற்கும் என்ற நம்பிக்கை அப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்து வளர்ந்தது.

பிறகு கம்பனிகள் வளர்ந்தன, கருவிகள் இலட்சக்கணக்கில் போயின, பிழைகளும் மொத்தமாக வர ஆரம்பித்தன. 2011 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் கொக்கிளியர் கம்பனி தன்னுடைய நியூக்கிளியஸ் சி.ஐ. 500 வரிசையில் இன்னும் எவருக்கும் வைக்கப்படாத கருவிகளைத் திருப்பி அழைத்தது. பற்றவைத்த மூட்டுகளில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, அதன் வழியே ஈரம் உள்ளே போய் மின்னணுப் பாகங்களைக் கெடுத்தது. 2020 பெப்ரவரியில் அட்வான்ஸ்ட் பயோனிக்ஸ் கம்பனி ஹைரெஸ் அல்ட்ரா கருவியின் முதல் பதிப்பைச் சந்தையிலிருந்து எடுத்தது. அங்கே உடம்பின் நீர் மின்வாய்ப் பக்கமாக நுழைந்து, கேட்பதை மெல்ல மெல்ல மங்கவைத்தது. டைட்டேனியமோ செராமிக்கோ, கடைசியில் பகை ஈரம்தான். ஊவா அம்மா வெளியே புரொசசரோடு போராடுகிற அதே ஈரம், பொறியியலாளர் கட்டிய முத்திரையையும் தாண்டி உள்ளே புகுந்துவிடுகிறது.

மற்றக் காரணங்களும் உண்டு. பிள்ளை விழுந்து தலை அடிபட்டுக் கருவி உடைவது, தோல் புண்ணாகிச் சீழ் பிடிப்பது, கம்பி உட்செவியிலிருந்து மெல்ல வெளியே நழுவுவது. பல மையங்களின் கணக்கில் மாற்றுச் சத்திரசிகிச்சை நூற்றுக்கு ஐந்தை ஒட்டியே இருக்கிறது, பிள்ளைகளிடம் சற்றுக் கூடுதல். ஓடுகிறார்கள், விழுகிறார்கள் என்பது மட்டுமல்ல காரணம். இரண்டு வயதில் கருவி வைத்த பிள்ளை எழுபது வயதுவரை வாழ வேண்டும். எந்தக் கம்பனியும் எழுபது வருடத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை, உள்ளே வைப்பதற்குப் பொதுவாகப் பத்து வருடம் கொடுப்பார்கள். ஆகவே சின்ன வயதில் வைத்த கருவியை வாழ்நாளில் ஒரு தடவையாவது மாற்ற வேண்டியிருக்கும் என்று முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடுவதுதான் நேர்மை. முதல் ஒப்பரேசனுக்கே காசு திரட்டிக் களைத்துப்போனவர்களிடம் அதைச் சொல்ல எவருக்கும் வாய் வருவதில்லை.

நின்றுபோவதிலும் இரண்டு வகை. ஒன்று பளிச்சென்று நிற்பது: புரொசசர் உள்ளே இருப்பதோடு பேச முடியவில்லை, விளக்கு மாறிமாறி மின்னுகிறது, பிள்ளை எதற்கும் திரும்புவதில்லை. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. மற்றது மெல்லச் சாவது. இன்றைக்குக் கேட்கும், நாளைக்குக் கேட்காது. திடீரென்று 'டக்' என்று ஒரு சத்தம், முகத்தில் ஒரு துடிப்பு, காதில் சுருக்கென்ற வலி. ஒவ்வொரு மாதமும் கிளினிக்கில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும். பேச்சு பின்னோக்கிப் போகும், பள்ளிக்கூடத்தில் குழப்படி கூடும். கணினியில் சோதித்தால் 'கருவி நன்றாக இருக்கிறது' என்று வரும். இந்த மெல்லச் சாவு வைத்தியர்களையே இவ்வளவு குழப்பியதால், அதை எப்படிக் கண்டறிவது என்று முடிவெடுக்க 2005இல் நிபுணர்கள் ஒரு கூட்டறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. அதன் சாரம் எளிது: வெளியே உள்ளதையெல்லாம் மாற்றிப் பார், ஸ்கான் எடுத்துக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார், வேறு ஏதும் நோயா என்று பார். எல்லாவற்றையும் ஒதுக்கிய பிறகும் பிள்ளை பின்னால் போய்க்கொண்டே இருந்தால் கருவியைச் சந்தேகி. கடைசித் தீர்ப்பு, எடுத்த கருவி கம்பனியின் ஆய்வுகூடத்துக்குப் போய் வந்த பிறகுதான் கிடைக்கும். குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதியாக உட்காருகிற ஏற்பாடு இது. சில தடவை அங்கேயும் பிழை எதுவும் அகப்படாது, பிள்ளைக்கு மட்டும் புதிய கருவியில் நன்றாகக் கேட்கும்.

சத்திரசிகிச்சை எப்படி நடக்கிறது? பழைய வெட்டிலேயே திறப்பார்கள். பழைய கருவிக்கு மேலே வேலை செய்யும்போது சாதாரணமாக இரத்தம் நிறுத்தப் பயன்படுத்தும் மின்கத்தி சிலவற்றைத் தொடமாட்டார்கள், அதன் மின்சாரம் மின்வாய் வழியே உட்செவியைச் சுட்டுவிடலாம். பெறுகருவியை வெளியே எடுத்தாலும் கம்பியை உடனே உருவமாட்டார்கள். கம்பியைச் சுற்றி இத்தனை வருடத்தில் உடம்பு ஒரு மெல்லிய உறை கட்டியிருக்கும், வாளின் உறை போல. பழையதை உருவிய கையோடு, உறை மூடிக்கொள்வதற்குள், புதியதை அதே வழியில் செலுத்த வேண்டும். ஆகவே புதிய கம்பி மேசையில் தயாராகும்வரை பழையது தன் இடத்திலேயே காத்திருக்கும். உறை வழிவிட்டால் வேலை சுலபம். எலும்பு வளர்ந்து அடைத்திருந்தால், மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு செவிடான பிள்ளைகளுக்கு அப்படி ஆவதுண்டு, கம்பி பாதியில் நின்றுவிடும். பாதியில் நின்ற கம்பி பாதிப் பேச்சைத்தான் கொடுக்கும்.

பிறகு கேட்குமா? பெற்றோர் கேட்கும் ஒரே கேள்வி இது. உலகெங்கும் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே திசையைக் காட்டுகின்றன: மாற்றி வைத்தவர்களில் பெரும்பாலோர் முன்பு கேட்ட அளவுக்குத் திரும்புகிறார்கள், சிலர் அதையும் தாண்டுகிறார்கள், சிறு பகுதியினர் கீழே போகிறார்கள். பளிச்சென்று நின்ற கருவியை மாற்றியவர்களிடம் பலன் தெளிவு. மெல்லச் செத்ததை மாற்றியவர்களிடம் முன்கூட்டிச் சொல்வது கடினம், ஏனென்றால் பிழை முழுவதும் கருவியில்தான் இருந்ததா என்பதே சில வேளை உறுதியில்லை. மூளைக்கு வேலை ஏற்கெனவே தெரியும் என்பதால் முதல் தடவை இரண்டு வருடம் எடுத்தது இந்தத் தடவை வாரங்களில், மாதங்களில் வருவதுண்டு.

ஆனாலும் முதல் நாள் ஏமாற்றம் தரும். கம்பி ஒரு மில்லிமீற்றர் தள்ளி உட்கார்ந்தாலே தொனி மாறிவிடும். அம்மாவின் குரல் அம்மாவின் குரலாக இராது. பேசத் தெரிந்த பிள்ளை 'தகரத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு' என்று சொல்லும், பேசத் தெரியாத பிள்ளை சுருளைப் பிடுங்கி எறியும். பழைய கருவிக்கு எழுதிய மெப்பை, அதாவது எந்த மின்வாய்க்கு எவ்வளவு மின்சாரம் என்ற கணக்கை, அப்படியே புதியதுக்குப் போட முடியாது. ஒவ்வொரு மின்வாயாகத் திரும்பவும் அளக்க வேண்டும். முதல் சில மாதங்களுக்குப் பல தடவை.

இந்த இடத்தில்தான் ஊவா குறுக்கே வருகிறது. மாற்றிய பிறகு எவ்வளவு கேட்கும் என்பதைத் தீர்மானிக்கும் காரணங்களில் வைத்தியரின் கைக்கு வெளியே இருப்பது, பழையது நின்றதற்கும் புதியது தொடங்கியதற்கும் நடுவில் போன காலம். பேச்சு பிடிக்கும் வயதில் உள்ள பிள்ளையின் மூளை வெறுமனே காத்திருக்காது, சத்தத்துக்கு ஒதுக்கிய இடத்தைக் கண்ணுக்குக் கொடுக்க ஆரம்பிக்கும். பிரித்தானியாவில் 2009இலிருந்து பிள்ளைகளுக்கு இரண்டு காதிலும் கருவி வைப்பதை அரசு மருத்துவ வழிகாட்டி சிபாரிசு செய்கிறது. ஒன்று நின்றால் மற்றது கேட்டுக்கொண்டே இருக்கும், ஆறு மாதம் காத்திருந்தாலும் பிள்ளை மௌனத்தில் இருக்காது. ஒற்றைக் காதில் மட்டும் வைத்த தோட்டத்துப் பிள்ளைக்கு, நின்றது என்றால் முற்றாக நின்றதுதான்.

அந்தக் காலம் எங்கே கரைகிறது என்று கணக்குப் பார்க்கலாம். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அம்மா சந்தேகப்படுகிறார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காதுக்குள் எட்டிப் பார்த்து, 'அழுக்கில்ல, நல்லாத்தான் இருக்கு' என்பார்கள். பதுளைப் பெரியாஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்கு அடுத்த தேதி. அங்கிருந்து கருவி வைத்த இடத்துக்குக் கடிதம். பதுளையில் முடியும் ரயில் பாதை 1924இல் வந்து சேர்ந்தது. கொழும்புக்கு ஏறத்தாழ 290 கிலோமீற்றர், ரயிலில் வழக்கமாகப் பத்து மணி நேரம் எடுக்கும். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் அடித்தபோது பதுளை மாவட்டம் மண் மிக மோசமாகச் சரிந்த இடங்களில் ஒன்று. அப்படிப்பட்ட வாரங்களில் கிளினிக் தேதி என்பதற்கே அர்த்தமில்லை. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. கொழும்புக்குப் போய் வந்தால் குறைந்தது இரண்டு பேர், அதாவது இரண்டு நாட்சம்பளம், போச்சு. அந்த 2024 கணக்கில் 2,700 ரூபாய், டிக்கட்டும் சாப்பாடும் வேறு. ஒரு தடவை சமாளிக்கலாம். மெப் போட ஆறேழு தடவை என்றால் நடுவில் இரண்டை விட்டுவிடுவார்கள். அதைப் பெற்றோரின் அக்கறையின்மை என்று கிளினிக் அட்டையில் எழுதுவது சுலபம்.

உத்தரவாதக் காலத்துக்குள் நின்றால் கருவி இலவசமாக வரலாம். சத்திரசிகிச்சை, வார்ட், பயணம் ஆகியவை அந்தக் கடதாசியில் அடங்குமா என்பதை முதல் ஒப்பரேசனுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. காலம் தாண்டிவிட்டால் இலட்சக்கணக்கில் காசு வேண்டும். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025இலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம், கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. நல்ல மாற்றம். அக்கரையில், தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் கேரளாவில் 2012இல் தொடங்கிய ஸ்ருதிதரங்கம் திட்டமும் ஏழைப் பிள்ளைகளுக்கு அரசுச் செலவில் கருவி வைத்தன. கேரளாவின் அனுபவம் கவனிக்கத்தக்கது. வைக்கும்போது காசு கொடுத்த அரசு, சில வருடத்தில் புரொசசர் பழசாகி உதிரிப் பாகம் கிடைக்காமல் போனபோது என்ன செய்வது என்று திணறியது. பெற்றோர் தெருவுக்கு வந்து குரல் கொடுத்த பிறகே புதுப்பித்தலுக்கும் வழி பிறந்தது. வைப்பதற்குத் திட்டம் போடுகிறவர்கள் மாற்றுவதற்கும் அன்றைக்கே ஒரு வரி எழுதிவைக்க வேண்டும்.

மொழியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் செவிப்புல நிபுணர்களையும் பேச்சுச் சிகிச்சையாளர்களையும் உருவாக்குகிறது. அவர்களில் தமிழில் வேலை செய்யக்கூடியவர்கள் குறைவு. மாற்றிய கருவியில் சத்தம் கேட்கிறதா என்பதை எந்த மொழிக்காரரும் அளக்கலாம். பேச்சு விளங்குகிறதா என்பதை அளக்கத் தமிழ் வேண்டும். 'படு'வும் 'பாடு'வும், 'பாடு'வும் 'பாட்டு'ம், 'மலை'யும் 'மழை'யும் பிள்ளைக்கு வேறுவேறாகக் கேட்கின்றனவா? நீளத்தால் வேறுபடும் முதல் இரண்டு சோடிகளையும் கருவி ஓரளவு நன்றாகவே கொடுக்கும், 'மலை' 'மழை' போன்ற நுட்பமான தொனி வேறுபாட்டில்தான் தடுமாறும். மலையிலேயே பிறந்து மழையிலேயே வளரும் பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல. காது கேளாத தமிழ்ப் பிள்ளைக்கான படிப்பும் தூரத்திலேயே இருந்து வந்திருக்கிறது: மேரி சாப்மன் 1912இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலை, யாழ்ப்பாணத்துக் கைதடியில் 1956இல் வந்த நபீல்ட் பாடசாலை.

தூரத்தைக் குறைக்க வழி இருக்கிறது. மெப்பை இணையத்தின் வழியே, பிள்ளை ஓரிடத்திலும் நிபுணர் வேறிடத்திலுமாக எழுத முடியும். 2017 நவம்பரிலேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி கொடுத்தது. உடனே ஒரு கேள்வி வரும்: சிக்னல்? 2021இல், கொரோனாக் காலத்தில், பதுளை மாவட்டத்தின் போகிட்டியாவ கிராமத்து ஆசிரியர்களும் பிள்ளைகளும் இணைய வகுப்புக்காகக் காட்டு வழியே ஏறி ஒரு பாறையின் மேல் உட்கார்ந்திருந்த படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. பாறையின் மேல் உட்கார்ந்து மெப் எழுத முடியாது. லயத்துக்கு அது இப்போதைக்கு வராது.

பதுளைக்கு வரலாம். பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை, ஒரு மடிக்கணினி, கருவியோடு இணைக்கும் வயர், தமிழ் பேசுகிற ஒரு செவிப்புல உதவியாளர், லாச்சியில் ஒவ்வொரு கம்பனியின் மாற்று வயரும் சுருளும் இரண்டிரண்டு. கொழும்பில் உள்ள நிபுணர் திரையின் மறுபக்கம் இருந்தால் போதும். அம்மா கொண்டுவரும் கொப்பியில் எந்தத் தேதியில் 'ஸ்' போனது, எந்தத் தேதியில் 'ஷ்' போனது என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்த அன்றைக்கே வயரை மாற்றிப் பார்த்து, வெளியேயா உள்ளேயா என்று சொல்லிவிடலாம். பசறையிலிருந்து முதல் பஸ் எடுத்தால், பிரட்டுக்குப் போகும் நேரத்துக்குள் பதுளையில் இறங்கலாம்.